நண்பருடன் பைக்கில் நமீபியா, போட்ஸ்வானா: டெண்ட் அடித்துத் தங்கி மூன்று வாரம் சுற்ற என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

இருவர், ஆளுக்கொரு வாடகை பைக், மூன்று வாரம், இரவில் டெண்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இதற்குப் பொருத்தமான வழி, நமீபியாவில் தொடங்கி போட்ஸ்வானா வழியாகச் சுற்றித் திரும்புவது. இரண்டு நாட்டிலும் இடதுபக்கப் போக்குவரத்து என்பதால் நம்மூர்க் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

திட்டம் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: வனவிலங்குப் பூங்காக்களுக்குள் பைக்குக்கு அனுமதி கிடையாது. நமீபியாவின் எட்டோஷா, போட்ஸ்வானாவின் மொரேமி, சோபே, போட்ஸ்வானா–தென் ஆப்பிரிக்க எல்லையில் இருக்கும் கலகாடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நமீப் பாலைவனப் பூங்காவின் செஸ்ரியம் வாயில்வரை பைக்கில் போகலாம். அதற்கு உள்ளே சோசஸ்வ்ளே செம்மணல் குன்றுகள்வரை 65 கி.மீ. தூரம் லாட்ஜ் வண்டியில்தான் போக வேண்டும். எட்டோஷாவுக்கும் வெளியே உள்ள முகாமில் பைக்கை நிறுத்திவிட்டு, சஃபாரி வண்டியில் ஒரு முழுநாள் போய்வரலாம். இந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்காவை ஊடுருவிப் போகும் பொதுச் சாலைகளுக்கு இந்தத் தடை இல்லை. நமீபியாவின் வடகிழக்குக் கோடியான கப்ரிவி பகுதியின் பி8 சாலையிலும், சோபே வழியாகப் போகும் ங்கோமா–கசானே தார்ச்சாலையிலும் பைக்கில் கடக்கலாம்.

காலம் மே முதல் செப்டம்பர் வரை. அது அங்கே மழையில்லாத குளிர்காலம். பகலில் 20–25 டிகிரி இருக்கும் பாலை, ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். நமீபியத் தலைநகர் வின்ட்ஹுக்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 0 டிகிரிக்குத் தாங்கும் தூக்கப்பை வேண்டும். அக்டோபர் வந்துவிட்டால் 40 டிகிரி வெயிலில் கவசச் சட்டை போட்டு ஓட்டுவது ஆபத்து. வெக்கையில் களைத்த உடல் சரளையில் நிதானம் இழக்கும்.

வழி இப்படி இருக்கலாம்: வின்ட்ஹுக்கிலிருந்து ஸ்ப்ரீட்ஸ்ஹூக்டே கணவாய் இறங்கி சொலிடேர், செஸ்ரியம். திரும்பி சி14 சாலையில் கௌப், குய்செப் கணவாய்கள் கடந்து வால்விஸ் பே, ஸ்வாகோப்மண்ட். பிறகு ஸ்பிட்ஸ்கோப்பே, உயிஸ், கோரிக்சாஸ், அவுட்ஜோ. அங்கிருந்து குரூட்ஃபோன்டைன், ருண்டு, டிவுண்டு, கட்டிமா முலிலோ, கசானே. இறங்கும்போது நாட்டா, மவுன், கான்சி, எல்லை தாண்டி வின்ட்ஹுக். மொத்தம் சுமார் 4,000 கி.மீ. முதல் மூன்றில் ஒரு பங்கில் பெரும்பகுதி சரளை, மிச்சம் தார். சரளை நாளுக்கு 200–250 கி.மீ., தார் நாளுக்கு 400 கி.மீ. போதும். மாலை 4 மணிக்கு டெண்ட் அடிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் 6 மணியை ஒட்டி இருட்டத் தொடங்கிவிடும். அந்தி நேரத்தில்தான் கூடு எனப்படும் பெரிய மான் சாலையோரப் புதரிலிருந்து பாயும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண் கூடு உண்டு. போட்ஸ்வானாவில் கழுதையும் மாடும் சாலையிலேயே நிற்கும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

விக்டோரியா அருவி கசானேயிலிருந்து 80 கி.மீ. தான். ஆனாலும் வாடகை பைக்கை ஜிம்பாப்வேக்குள் கொண்டுபோகத் தனிக் காப்பீடு, தற்காலிக இறக்குமதிச் சீட்டு என்று எல்லையில் அரைநாள் போய்விடும். பைக்கை கசானே முகாமில் விட்டுவிட்டு வேனில் போய்வருவதே புத்திசாலித்தனம். போட்ஸ்வானாவுக்குள் மறுபடி நுழைய உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

இனி சரளை. அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்கு நேரும் மோசமான விபத்துகளில் பல, எதிரே வண்டியே இல்லாமல் தானாகக் கவிழ்வதுதான். சி எண் சாலைகள் பெரும்பாலும் அகலமான சரளை, டி எண் சாலைகள் அதைவிடக் கரடு. வண்டிச் சக்கரங்கள் கல்லை ஒதுக்கித் தள்ளுவதால் நடுவிலும் ஓரத்திலும் தளர்ந்த சரளை வரப்பாகக் குவிந்திருக்கும். கார்ச் சக்கரம் போன கெட்டியான தடத்தில் ஓட்டுங்கள். தடம் மாறியே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, எழுந்து நின்று, வரப்பை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வரப்போடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும்.

அடுத்தது, சாலை முழுக்கக் குறுக்கே அலை அலையாக விழுந்திருக்கும் மேடுபள்ளம். 40 கி.மீ. வேகத்தில் எலும்பே கழன்றுவிடும் போலிருக்கும், 70–80 வந்தால் சக்கரம் அலைகளின் முகட்டைத் தொட்டபடி மிதந்து போகும். மிதக்கும்போது டயர் பாதி நேரம் தரையில் இல்லை என்பதை மறக்கக் கூடாது. அதனால் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், வளைவில் பிடிமானம் இருக்காது. 80-ஐத் தாண்ட வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல் திட்டு வந்தால் எழுந்து நின்று, உடல் எடையைப் பின்னால் தள்ளி, பார்வையைத் தொலைவில் வைத்து, ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடியுங்கள். முன்பிரேக்கைத் தொடவே கூடாது. கைப்பிடி இடதும் வலதும் ஆடத்தான் செய்யும். இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள்.

இரண்டு பைக் சேர்ந்து போகும்போது தூசி பெரிய பிரச்சினை. காற்றில்லாத காலையில் முன்னால் போகிறவர் கிளப்பும் தூசி அரை கிலோமீட்டர்வரை அடங்காது. பின்னால் வருபவர் அதற்குள் புகுந்தால் எதிரே வரும் லாரி தெரியாது. அவர் வாங்கும் மூச்சும், பைக்கின் ஏர் ஃபில்டரும் அந்தத் தூசிதான். இடைவெளியைத் தூசி முடிவு செய்யட்டும். அனுபவம் குறைந்தவர் முன்னால் போகட்டும், அவர் விழுந்தால் பின்னால் வருபவர் வந்துவிடுவார். பின்னால் வருபவர் விழுந்தால் முன்னவருக்குத் தெரிய ஒரே வழி கண்ணாடி. அதனால் பின்னவர் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும், வெளிச்சம் தெரியாமல் ஐந்து நிமிடம் ஆனால் முன்னவர் நிற்க வேண்டும், பத்து நிமிடம் ஆனால் திரும்ப வேண்டும். ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் மற்றவர் வரும்வரை காத்திருங்கள். இதைக் கிளம்புவதற்கு முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். செல்போன் சிக்னல் ஊர்களை ஒட்டித்தான் கிடைக்கும். செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று இருவருக்கும் சேர்த்து வேண்டும்.

வண்டி 400 முதல் 800 சிசி வரை போதும். 250 கிலோ பெரிய பைக் தாரில் சுகம், மணலில் சாய்ந்தால் தூக்கவே இருவர் வேண்டும். நம் சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் தென் ஆப்பிரிக்காவிலும் விற்பனையாகிறது. வாடகைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பெட்ரோலைப் பொறுத்தவரை 350 கி.மீ. ஓடும் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும். சொலிடேரிலிருந்து வால்விஸ் பே சுமார் 230 கி.மீ., மவுனிலிருந்து கான்சி சுமார் 280 கி.மீ. மணலிலும் எதிர்க்காற்றிலும் மைலேஜ் கால்பங்கு குறையும். சுசுகி டிஆர்650-இன் சொந்த டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 260-லேயே நின்றுவிடும். ஆளுக்கு 5 லிட்டர் கேன் வைத்துக்கொண்டு, பங்க்கைப் பார்த்தால் அரை டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். சிற்றூர்களில் ஸ்டாக் தீர்ந்திருப்பது சகஜம்.

டயரில் காற்று, தாரில் 32–36 பிஎஸ்ஐ, சரளையில் 25–28, ஆழமான மணலில் 18. மணல் முடிந்ததும் ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றில் கல்லில் மோதினால் ரிம் நசுங்கும், ட்யூப் இரண்டு இடத்தில் கடிபடும். பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் சிறு கம்ப்ரெஸர் எடுத்துப் போங்கள். டயருக்குக் காற்றேற்றும் கேஸ் குப்பிகள் நாலு பஞ்சரில் தீர்ந்துவிடும்.

ட்யூப் மாற்றுவதை ஊரிலேயே ஒருமுறை கையால் செய்து பழகுங்கள், அங்கே பஞ்சர் கடை 150 கி.மீ. தள்ளி இருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது ஸ்பேசர் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுங்கள். பிரேக் டிஸ்க் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கி, டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க நண்பரின் பைக்கைப் பயன்படுத்தலாம். சைடு ஸ்டாண்டு டயர் ஓரத்தில், ரிம்முக்கு மிக அருகில் படும்படி வைத்து, பைக்கை அதன்மேல் சாய்த்தால் எடையில் விளிம்பு இறங்கிவிடும். பிறகு எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்திக்கொண்டு, டயர் லிவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். லிவருக்கு அதிக பலம் தேவைப்பட்டால், எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். புது ட்யூபைப் போடுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதும் துணியால் தடவிப் பாருங்கள். கருவேல இனத்து மரங்களின் முள் உள்ளே ஒடிந்து நிற்கும், அதைப் பிடுங்காமல் விட்டால் அடுத்த ட்யூபும் போகும். ட்யூபில் லேசாகக் காற்று வைத்து நுழைத்தால் லிவரில் கடிபடாது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வுப் பக்கம் முடியுங்கள், கடைசியில் வால்வை உள்ளே தள்ளிப் பிடியுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி 40 பிஎஸ்ஐ ஏற்றினால் விளிம்பு உட்காரும். பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

ஆளுக்கு முன்சக்கர ட்யூப் ஒன்று அவசியம். 21 அங்குல ட்யூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர்போய்ச் சேரலாம். கிளட்ச் கேபிள், கிளட்ச், பிரேக் லிவர்கள், ஃப்யூஸ், செயின் லிங்க், எபாக்ஸிப் பசை, கட்டுக்கம்பி, கேபிள் டை ஆகியவையும் வேண்டும். அலைச்சாலையில் நட்டுகள் தானாகக் கழலும். தினமும் காலையில் பெட்டி மாட்டும் பிராக்கெட், நம்பர் பிளேட், கண்ணாடி எல்லாவற்றையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். அலுமினியப் பெட்டியைவிடத் துணிப்பை மேல்: பெட்டியின் பிராக்கெட் விரிசல் விடும், விழுந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டும். சுமை ஆளுக்கு 25 கிலோவுக்குள். ஒருவர் டூல்ஸ், ஒருவர் சமையல் சாமான் என்று பிரிக்கலாம். தண்ணீர், முதலுதவி, ட்யூப் மட்டும் பிரிக்கவே கூடாது, அவை இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர்.

முகாம்களில் தீ மூட்டும் இடமும் குளியலறையும் இருக்கும். பல இடங்களில் விறகு எரித்துத் தண்ணீர் சுடவைக்கும் டாங்கி பாய்லர்தான். ஸ்பிட்ஸ்கோப்பேயின் பாறையடி இடங்களில் குழாய் கிடையாது, தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். சமையல் கேஸ் உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது, வின்ட்ஹுக்கில் வாங்கலாம். டெண்டுக்கு அடியில் தடித்த விரிப்பு போடாவிட்டால் முள் மெத்தையைக் குத்திவிடும். வறண்ட ஆற்றுப் படுகையில் டெண்ட் வேண்டாம். உயிஸ், கோரிக்சாஸ் இருக்கும் டமாராலாந்தில் பாலைவன யானைகளின் பாதையே அதுதான். டிவுண்டு, கட்டிமா பக்க ஆற்றங்கரையில் நீர்யானை இரவில் மேய ஏறிவரும். தண்ணீருக்கும் புல்வெளிக்கும் நடுவே தேய்ந்த தடம் தெரிந்தால் அதை விட்டுத் தள்ளி அடியுங்கள். டெண்டுக்குள் சாப்பாடு, குறிப்பாக ஆரஞ்சு, கூடாது, யானை மோப்பம் பிடித்து வரும். பூட்ஸை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிப் போகும், உள்ளே வைத்தாலும் காலையில் உதறிவிட்டே போடுங்கள். முன்பக்க இடுக்கிகள் மெலிந்தும் வால் தடித்தும் உள்ள தேள்தான் அங்கே விஷம் அதிகமானது. கசானேயில் பபூன் குரங்குகள் டெண்டைக் கிழித்துத் தேடும், பகலில் ஆளில்லாமல் விட வேண்டாம்.

நாட்டா–கசானே ஏ33 சாலையில் யானைகள் குறுக்கே வரும். 100 மீட்டர் தள்ளி எஞ்சினை ஓடவிட்டபடி நின்று, கடைசி யானையும் புதருக்குள் போன பிறகு நகருங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, கூட்டத்தின் இடையே புகக் கூடாது. மக்காடிக்காடி உப்புத் தரையில் பைக்கை இறக்க ஆசை வரும். மேல் ஓடு காய்ந்திருக்கும், கீழே சேறு. உடைந்து அச்சுவரை புதைந்தால் எடுக்க ஆள் கிடைக்காது.

கால்நடை நோய்த் தடுப்பு வேலிகளில் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். செருப்பு, பூட்ஸ், சக்கரம் எல்லாம் மருந்துத் தண்ணீரில் நனைய வேண்டும். இறைச்சியை வேலி தாண்டிய ஊரில் வாங்குங்கள். அரிசி, பருப்பு, டின் மீன், கறிப்பொடி எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். நமீபிய டாலரும் தென் ஆப்பிரிக்க ரேண்டும் சம மதிப்பு. ரேண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் வெளியே செல்லாது. போட்ஸ்வானாவுக்குப் பூலா மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும், பைக்கை எல்லை தாண்ட அனுமதிக்கும் உரிமையாளரின் கடிதமும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் குறிப்பிட்ட சிசிக்கு மேல் இருசக்கர வாகனத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் இருந்தே ஆக வேண்டும். தென் ஆப்பிரிக்கா வழியாகப் போய்வருவதானால் அதன் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்கட்டும். நைரோபி, அடிஸ் அபாபா விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென் ஆப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும்.

ருண்டுவிலிருந்து மவுன்வரை மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் எடுத்தால் தோல் வெயிலில் சீக்கிரம் கருகும், கைக்கும் கழுத்துக்கும் துணி வேண்டும். அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அடோவாகுவோன்–புரோகுவானில் என்றால் 7 நாள். எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்லட்டும். ஊர் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாள் தாமதத்தையே தாங்காது.