அமெரிக்கப் பள்ளிக்குள் ராணுவ ரெக்ரூட்டர்: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

வர்ஜீனியாவில் ஓர் அரசு ஹைஸ்கூலின் கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் பள்ளிக்குள் வருவதைப் பற்றியும், ஆயுதக் கம்பெனிகள் பள்ளிகளுக்குச் செலவழிப்பதைப் பற்றியும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

ஆஸ்டினிலிருந்து ஒரு அம்மா: அக்கா, பையன் பதினோராம் வகுப்பு. ஆர்மி ரெக்ரூட்டர் அவன் பெயரைச் சொல்லியே மெசேஜ் அனுப்புகிறார். நம்பர் எப்படிப் போனது?

பெரும்பாலும் பள்ளிக்கூடமே கொடுத்திருக்கும். சட்டப்படிதான் கொடுக்கிறார்கள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்துப் போட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' கல்விச் சட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவு இருந்தது. மத்திய அரசின் கல்விப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும், ராணுவம் கேட்டால் ஹைஸ்கூல் பிள்ளைகளின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைத் தந்தாக வேண்டும் என்றது அது. 2015-இல் அந்தச் சட்டம் போய் வேறு கல்விச் சட்டம் வந்தது. இந்தப் பிரிவு மட்டும் பத்திரமாக அதற்குள் குடியேறிவிட்டது.

பெற்றோர் எழுத்தில் மறுத்தால் கொடுக்க முடியாது. பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அவனே எழுதிக் கொடுக்கலாம். பள்ளி திறக்கும் வாரத்தில் கையெழுத்துக்கு வரும் காகிதக் கட்டுக்குள் அந்த ஆப்ட்-அவுட் படிவம் இருக்கும். இப்போது பல இடங்களில் ஆன்லைனில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும். படிவம் கிடைக்கவில்லை என்றால் வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "என் பிள்ளையின் விவரத்தை யாருக்கும் தராதே" என்று பொதுவாக மறுக்கும் படிவம் வேறு. அதில் கையெழுத்துப் போட்டால் சில பள்ளிகளில் இயர்புக் என்ற வருட நினைவுப் புத்தகத்திலிருந்தும் பெயர் போய்விடும். ராணுவத்துக்கு மட்டும் மறுப்பது எது என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வழியிலும் நம்பர் போகும். மதிய உணவு நேரத்தில் கேன்டீன் ஓரத்தில் மரீன்ஸ் என்ற படைப்பிரிவினர் ஒரு புல்-அப் கம்பியை நிறுத்துவார்கள். இத்தனை முறை ஏறினால் டி-ஷர்ட் இலவசம். பெயரையும் நம்பரையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு பையன்கள் தொங்குவார்கள். அவனே கொடுத்த நம்பருக்கு உங்கள் படிவம் தடை போடாது.

நியூஜெர்சியிலிருந்து ஒரு அப்பா: நாங்கள் ஹெச்-4. எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?

ஹெச்-4 என்பது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா, அதில் ராணுவத்தில் சேர முடியாது என்பது சரி. குடிமகனாகவோ கிரீன் கார்டுகாரராகவோ இருக்க வேண்டும். ஆனால் பள்ளி கொடுக்கும் பட்டியலில் விசா விவரம் இருக்காது, அதனால் அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வரும். செலக்டிவ் சர்வீஸ் பதிவும் (கட்டாய ராணுவ சேவை வந்தால் அழைப்பதற்கான பெயர்ப் பதிவு) ஹெச்-4 செல்லுபடியாகும் வரை உங்கள் பையனுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண் பிள்ளைக்கு அது உண்டு. பழைய தகவல் ஒன்று: 'மாவ்னி' என்ற திட்டத்தில், விசாவில் இருப்பவர்களையும் மொழித் தேவைக்காகச் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அந்தக் கதவு மூடப்பட்டது.

சிகாகோவிலிருந்து ஒரு மாணவி: அடுத்த வாரம் எல்லோருக்கும் ஆஸ்வாப் தேர்வு என்கிறார்கள். எழுதியே ஆக வேண்டுமா?

மத்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, கண்ணு. ஆஸ்வாப் என்பது ராணுவத்தில் சேர எழுதும் தகுதித் தேர்வு. 1968 முதல் பள்ளிகளுக்கு அதை இலவசமாகவே நடத்தித் தருகிறார்கள். 'எந்த வேலை உனக்குப் பொருந்தும் என்று கண்டுபிடி' என்ற பெயரில் வரும். மூன்று மணி நேரம். பள்ளிக்குச் செலவில்லை, ஒரு கேரியர் தேர்வு நடத்திய கணக்கும் ஆயிற்று. அதனால்தான் சில பள்ளிகள் பதினோராம் வகுப்பு முழுவதையும் உட்கார வைக்கின்றன.

தேர்வு மோசம் என்று சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் விஷயத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது நிஜமாகவே உதவியதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் மதிப்பெண் எங்கே போகிறது என்பதில். தேர்வுக்கு முன்பு பள்ளி ஒரு 'ரிலீஸ் ஆப்ஷன்' தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் ரெக்ரூட்டருக்குப் போகாது. தேர்ந்தெடுப்பது மாணவரோ பெற்றோரோ அல்ல, பள்ளிதான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் போய்விடும். 2010-இல் மேரிலாந்து இதைச் சட்டமாகவே தடுத்தது, மதிப்பெண் தானாகப் போவதை நிறுத்திய முதல் மாநிலம் அதுதான். நாளைக்கே கவுன்சிலரிடம் போய் "ஆப்ஷன் எட்டா?" என்று கேள். இத்தனை குறிப்பாகக் கேட்கும் பிள்ளையை அவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் அம்மாவோ அப்பாவோ ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து: மகள் ஒன்பதாம் வகுப்பு. கேட்காமலே டைம்டேபிளில் ஜே.ஆர்.ஓ.டி.சி. வந்திருக்கிறது. இது என்ன? நீக்க முடியுமா?

நீக்கலாம், நீக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள்.

ஜே.ஆர்.ஓ.டி.சி. என்பது ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கான ராணுவப் பயிற்சி வகுப்பு, 1916-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த திட்டம். இன்று ஏறக்குறைய 3,500 பள்ளிகளில், ஐந்து லட்சம் பிள்ளைகள் வரை. பாடம் எடுப்பவர்கள் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், சம்பளத்தில் ஏறக்குறைய பாதி ராணுவத்தின் பணம். வாரம் ஒரு நாள் யூனிபார்ம், அணிவகுப்பு, தலைமைப் பண்பு, கொஞ்சம் வரலாறு, பல இடங்களில் ஏர் ரைஃபிள். இதில் இருந்தால் ராணுவத்தில் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சேர்ந்தால் ஒன்றிரண்டு படி மேலே தொடங்கலாம்.

திட்டம் விருப்பப் பாடம். ஆனால் 2022-இல் நியூயார்க் டைம்ஸ் தோண்டிப் பார்த்தபோது, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ், பிலடெல்பியா போன்ற ஊர்களில் சில பள்ளிகள் ஒரு வகுப்பின் முக்கால்வாசிப் பிள்ளைகளை அப்படியே இதற்குள் போட்டிருந்தது தெரிய வந்தது. ஏன் போடுகிறார்கள்? ஒரு பள்ளியில் இந்த வகுப்பின் யூனிட் தொடர வேண்டும் என்றால் நூறு பிள்ளைகளோ, பள்ளியில் பத்து சதவீதமோ இருக்க வேண்டும் என்பது நீண்ட கால விதி. உடற்கல்வி கிரெடிட்டுக்குப் பதிலாக இதைக் கணக்கில் வைக்கலாம். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிக்கு பாதிச் சம்பளத்தில் ஓர் ஆசிரியர். இத்தனையும் சேர்ந்தால், ஒன்றும் கேட்காத பிள்ளையின் காலிப் பீரியடில் அது தானாக வந்து உட்காரும். ஒன்றும் கேட்காதவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆங்கிலம் சரளமில்லாத, இரண்டு வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். வசதி குறைந்த பள்ளிகளில்தான் இந்த யூனிட்டுகள் அதிகம் என்பதை ராணுவத்துக்கே ஆய்வு செய்து கொடுக்கும் ரேண்ட் நிறுவனமும் சொல்லியிருக்கிறது.

அதே பத்திரிகை இன்னொன்றையும் எழுதியது. ஐந்து வருடத்தில் குறைந்தது 33 பயிற்றுநர்கள் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக வழக்கில் சிக்கியிருந்தார்கள். எல்லோரும் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சார்ஜண்ட், அப்பா இல்லாத பையன்களுக்கு அப்பாவாகவே இருந்தார். ஆனால் மகள் அந்த வகுப்பில் இருப்பதாக இருந்தால் யார் எடுக்கிறார், பயணங்களுக்கு உடன் வேறு யார் வருகிறார் என்று கேட்பது உங்கள் வேலை.

பெற்றோர் சேர்ந்து கேட்டால் மாறும். 2009-இல் சான் டியாகோவில் மாணவர்களே திரண்டு, பள்ளிக்குள் துப்பாக்கிப் பயிற்சி கூடாது என்று பள்ளி நிர்வாக போர்டை வாக்களிக்க வைத்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: நம் ஊர் என்.சி.சி. மாதிரிதானே, இதில் என்ன பெரிய பிரச்சினை?

உடுப்பும் பரேடும் ஒன்றுதான், வித்தியாசம் ஆள் தேவையில். நம் ஊரில் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம் என்றால் இடத்தை விடப் பல மடங்கு ஆள் வருவார்கள், பள்ளியில் போய் போன் நம்பர் வாங்க வேண்டிய தேவையே இல்லை. இங்கே 1973-இல் கட்டாய சேவை நின்றதிலிருந்து ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2022-இல் அமெரிக்க ஆர்மி 60,000 பேர் எடுக்க நினைத்து 15,000 பேர் குறைவாக எடுத்தது. அந்த மாதிரி வருடங்களில் ரெக்ரூட்டர் மேல் விழும் அழுத்தம் பள்ளி வராண்டாவில் தெரியும். 2004-இல் ஆர்மி தன் ரெக்ரூட்டர்களுக்குக் கொடுத்த பள்ளிக் கையேட்டில், மாதம் ஒருமுறை ஆசிரியர் அறைக்கு டோனட்டும் காபியும் கொண்டுபோ என்று அச்சிலேயே இருந்தது.

வர்ஜீனியாவிலிருந்து ஒரு அப்பா: மகளின் ரோபாட்டிக்ஸ் டீம் சட்டை முதுகில் லாக்ஹீட், போயிங், பி.ஏ.ஈ. லோகோ. இதுவும் ஆள்பிடிப்பா?

நல்ல கேள்வி ஐயா. இந்த ஆயுதக் கம்பெனிகள் செய்வதும் ஆள்பிடிப்புதான், ஆனால் வேறு பிள்ளைகளை. ரெக்ரூட்டர் தேடுவது காலேஜுக்குப் பணம் இல்லாத பிள்ளையை. கம்பெனி தேடுவது ஆனர்ஸ் கணக்கு எடுக்கும் உங்கள் மகளை.

காரணம் ரொம்ப எளிது. ரகசிய வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும், அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மற்ற ஐ.டி. வேலையைப் போல இதைத் தூக்கி பெங்களூருக்கோ சென்னைக்கோ கொடுக்க முடியாது. அதனால் இங்கேயே விதை போட்டுத்தான் ஆக வேண்டும். ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்குப் பணம், 'ப்ராஜெக்ட் லீட் தி வே' இன்ஜினியரிங் பாடத்திட்டத்துக்குப் பணம், விமானப்படை ஆதரவாளர் சங்கம் நடத்தும் சைபர்பேட்ரியட் போட்டிக்கு நார்த்ராப் க்ரம்மன் என்ற ஆயுதக் கம்பெனியின் அறக்கட்டளைப் பணம். ஏவுகணை செய்யும் ரேதியான் 2009-இல் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் பிள்ளைகளே ரோலர் கோஸ்டரை வடிவமைக்கும் ஒரு கணக்கு விளையாட்டையே வைத்திருந்தது.

பார்த்தீர்களா, எதிலும் ஏவுகணை இல்லை. 2016-இல் லாக்ஹீட் ஒரு பள்ளிப் பேருந்துக்குள் செவ்வாய் கிரகத்தை காட்டியது. ஏறி உட்கார்ந்தால் ஜன்னலில் செவ்வாய் மண் நகரும். அற்புதமான வேலைப்பாடு. ஆனால் அந்தக் கம்பெனியின் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு எஃப்-35 என்ற ஒரே போர் விமானத்திலிருந்து வருகிறது. பிள்ளைக்குக் காட்டுவது செவ்வாய், பணம் கொடுப்பது எஃப்-35. எனக்கு உறுத்துவது இந்த இடைவெளிதான்.

டீமை விட்டு நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே அவள் வெல்டிங்கும் கோடிங்கும் கற்கிறாள், அதற்கு ஈடு பள்ளியில் வேறில்லை. அந்தக் கம்பெனி என்ன செய்து விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று அவளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். டீமுக்கு வழிகாட்டும் மென்டரிடமே கேட்கட்டும். நல்ல மென்டர்கள் ஒளிக்காமல் பேசுவார்கள்.

லண்டன் ஹாரோவிலிருந்து: இங்கேயும் இப்படியா?

உங்கள் ஊரில் சில விஷயம் இன்னும் முன்னால் போய்விட்டது. ஐரோப்பாவில் 16 வயதில் ஆள் எடுக்கும் நாடு பிரிட்டன் மட்டும்தான். ஹாரோகேட்டில் அதற்கென்றே ஒரு ராணுவக் கல்லூரி. பி.ஏ.ஈ. கம்பெனி 2005 முதல் பிரிட்டனின் விமானப்படை (ஆர்.ஏ.எஃப்.), கடற்படையோடு (ராயல் நேவி) சேர்ந்து பள்ளி பள்ளியாக அறிவியல் நிகழ்ச்சி நடத்துகிறது. அமெரிக்காவில் தனித்தனியாக வரும் கம்பெனியும் படையும் அங்கே ஒரே வேனில் வருகின்றன.

பெயர் ஊர் போடாத ஒருவர்: ஏழைப் பிள்ளைக்குக் காலேஜ் கிடைக்கிறதே. நீங்கள் ராணுவத்துக்கு விரோதியா?

இல்லை. ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு 2008-இல் வந்த ஜி.ஐ. பில் என்ற சட்டம் 36 மாதம், அதாவது ஏறக்குறைய நான்கு கல்வி வருடங்களுக்குப் படிப்புச் செலவைத் தருகிறது, அதில் படித்து நர்ஸான பிள்ளைகள் எனக்கு இன்னமும் கார்டு அனுப்புகிறார்கள். என் கோபம் வாய்ப்பேச்சின் மேல். பையனிடம் "நாலு வருடம்தான்" என்பார்கள். ஒப்பந்தத்தில் மொத்தக் கடமை எட்டு வருடம் என்றிருக்கும், மீதி ரிசர்வ். எந்த வேலை, எவ்வளவு போனஸ், எல்லாம் காகிதத்தில் இருந்தால்தான் உண்டு. 17 வயதுப் பிள்ளைக்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது, அதனால் அந்தக் காகிதத்தைப் படிக்கும் உரிமை உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது.

ஹூஸ்டனிலிருந்து: அக்கா, அவசரம். பையன் 18 ஆனதும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜூலையில் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். இப்போது வேண்டாம் என்கிறான். ஜெயிலா?

இல்லை, பதறாதீர்கள். இப்போது அவன் இருப்பது டிலேய்டு என்ட்ரி ப்ரோக்ராம், அதாவது இப்போது கையெழுத்து, பயிற்சி பிறகு என்ற திட்டம். பயிற்சிக்குக் கிளம்பும் நாளில் மறுபடி ஒரு சத்தியப்பிரமாணம் உண்டு, அதற்குப் பிறகுதான் உண்மையான பணி தொடங்கும். அதுவரை விலகலாம். பெயர், பிறந்த தேதி, விலக விரும்புகிறேன் என்ற வரி, காரணம் ஒன்று (படிப்பு என்றால் போதும்), கையெழுத்து. ரெக்ரூட்டிங் ஸ்டேஷனின் கமாண்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "நேரில் வா, பேசுவோம்" என்று அழைப்பார்கள். போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஜூலை வரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்புங்கள்.