நெட்டை உடம்பும் நெகிழும் மூட்டும்: தொடுப்பிழைய நோய்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. மிகவும் உயரமானவர், பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் விளையாடுகிறார். கண்வில்லை இடம் விலகியிருப்பதாகக் கண் கிளினிக்கில் சொல்லி, இருதய வைத்தியரிடமும் காட்டும்படி அனுப்பினார்கள். கண்ணுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்? (தாய், உப்புவெளி)

பதில்: கண்வில்லையைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய நார்களிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரிலும் ஃபைப்ரிலின்-1 என்ற ஒரே புரதமே இருக்கிறது. உடம்பின் பாகங்களை இப்படி இணைத்துத் தாங்கும் இழையமே தொடுப்பிழையம். 15ஆம் நிறமூர்த்தத்தில் அதற்குரிய மரபணுவில் பிழை ஏற்படும்போது மார்ஃபன் நோய் உண்டாகிறது என்பது 1991இல் நிறுவப்பட்டது. உயரம் மட்டும் நோயாகாது. நெட்டையான பிள்ளைகள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால், அடிபடாமலே வில்லை விலகுவது வலுவான அடையாளம். அதோடு பெருநாடியின் அடிப்பகுதி விரிந்தும் இருந்தால், 2010இல் திருத்தப்பட்ட அளவுகோலின்படி அவ்விரண்டுமே நோயை உறுதிசெய்யப் போதுமானவை. ஆகவே எக்கோ பரிசோதனையை (ஒலியலையால் இருதயத்தைப் படம்பிடிப்பது) தள்ளிப்போடாதீர்கள். முதல் எக்கோ சரியாக இருந்தாலும் விரிவு பின்னாளில் தொடங்கலாம் என்பதால் அதைக் காலந்தோறும் திரும்பச் செய்ய வேண்டும். விரிவின் வேகத்தைக் குறைக்க பீட்டா தடுப்பு மருந்தோ லொசார்ட்டனோ கொடுப்பார்கள். வளர்ந்தவர்களில் விட்டம் 5 சென்ரிமீற்றரை நெருங்கும்போது பொதுவாகச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

விரிந்த பெருநாடி கிழியக்கூடும் என்பதால், முடிவு வரும்வரை அவர் பந்தயங்களில் இறங்க வேண்டாம். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986இல் ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவே சரிந்து இறந்தார். அவருக்கு மார்ஃபன் நோய் இருந்தது பிரேத பரிசோதனையில்தான் தெரியவந்தது. உங்களையும் கணவரையும் மற்றப் பிள்ளைகளையும் கூடவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்நோய் உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுவதால், உங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

கேள்வி: மச்சாளை முடித்தபடியால்தான் பிள்ளைக்கு இப்படி வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (கிண்ணியா)

பதில்: மார்ஃபன் நோய்க்கு அந்தப் பழி பொருந்தாது. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும், அல்லது புதிதாகத் தோன்றும் ஒற்றைப் பிழையாலேயே உண்டாகும். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள 50 வீத வாய்ப்பு, மணந்தவர் சொந்தமா அந்நியமா என்பதால் மாறாது. எலும்பு நொருங்கும் நோயிலும், மூட்டும் தோலும் அளவுக்கு மீறி நெகிழும் ஏலர்ஸ்-டான்லொஸ் நோயிலும் உள்ள சில அரிய வகைகள் மட்டுமே, இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும்போது வருகின்றன. அவற்றுக்குச் சொந்தத்துக்குள் முடிப்பது வாய்ப்பைக் கூட்டும். எந்த வகை என்று தெரியாமல் வீட்டில் யாரையும் குற்றம் சொல்வது நியாயமல்ல. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்துக்கு அனுப்பும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெருவிரல் முன்கையைத் தொடுமளவுக்கு வளைகிறது, மூட்டுகளும் ஓயாமல் நோகின்றன. மரபணுப் பரிசோதனை செய்யலாமா? (மாணவி, தம்பலகாமம்)

பதில்: 2017 வகைப்பாட்டின்படி ஏலர்ஸ்-டான்லொஸ் நோய் 13 வகைப்படும், உங்களுக்கு இருக்கக்கூடிய, மூட்டு அதிகம் நெகிழும் வகைக்கு மாத்திரம் இன்னும் மரபணு கண்டறியப்படவில்லை. ஆகவே அதற்காகப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. வைத்தியர் இரு கைகளின் சின்னவிரல், பெருவிரல், முழங்கை, முழங்கால்களையும், குனிந்து உள்ளங்கையை நிலத்தில் வைக்கும் திறனையும் பார்த்து 9க்குப் புள்ளியிடுவார். உங்கள் வயதில் 5 கிடைத்தால் நெகிழ்வு மிகுதி என்று கொள்ளப்படும். நெகிழ்வு மட்டும் நோயல்ல. இயன்மருத்துவர் காட்டும் தசைப் பயிற்சிதான் உங்களுக்கு முதன்மையான மருந்து. வளைத்துக் காட்டச் சொல்லும் தோழிகளுக்காக மூட்டை வளைத்துக் காட்டாதீர்கள். தோல் மெலிந்து நாளங்கள் தெரிந்தாலோ, உடம்பு எளிதில் கன்றினாலோ, இளவயதில் நாடியோ குடலோ வெடித்து இறந்தவர்கள் குடும்பத்தில் இருந்தாலோ அது வேறு வகை. அதற்குப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் கொலாஜனைச் சரியாக்குமா? (மூதூர்)

பதில்: ஆகாது. கொலாஜன் என்பது தோலையும் மூட்டையும் எலும்பையும் தாங்கும் புரதம். சூப்பிலுள்ள கொலாஜன் வயிற்றில் சமித்துப் போகும். மரபணுவின் பிழை அப்படியே இருக்கும். ருசிக்காகக் குடியுங்கள்.

கேள்வி: எனக்கு மார்ஃபன் நோய், லொசார்ட்டன் பாவிக்கிறேன். பிள்ளை பெறலாமா? (திருகோணமலை நகரம்)

பதில்: பலர் பெறுகிறார்கள், ஆனால் திட்டமிடாமல் முடியாது. லொசார்ட்டன் கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றவேண்டும். அதை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சென்று மாற்றுங்கள். பெருநாடி 4.5 சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் கர்ப்பமும் பேறும் உயிராபத்தை உண்டாக்கலாம் என்பதால், எக்கோ முடிவுடன் இருதய நிபுணரையும் மகப்பேற்று நிபுணரையும் முன்கூட்டியே சந்தியுங்கள். கர்ப்ப காலத்திலோ பிள்ளை பிறந்த பின்போ நெஞ்சில் அல்லது முதுகில் கிழிப்பது போன்ற வலி திடீரென வந்தால், வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திராமல் வைத்தியசாலைக்குப் போய், உங்களுக்கு மார்ஃபன் நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது பெருநாடி கிழிவதால் வரும் வலியாக இருக்கலாம். மாரடைப்பு என்று நினைத்துக் குருதி உறைவைக் கரைக்கும் மருந்து ஏற்றினால் நிலைமை மோசமாகும்.