ஆசிரியர் கேள்வி – பதில்: வகுப்பு முடிந்த கையோடு இரண்டு வரி

கேள்வி: 6ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நடத்திய பாடத்தைப் பற்றித் தினமும் இரவில் நோட்டில் எழுதுகிறேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் ‘பாடம் நன்றாகப் போனது’, ‘பிள்ளைகள் கவனிக்கவில்லை’, இவ்வளவுதான் இருக்கிறது. எங்கே தவறு?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரவில் எழுதுவதுதான் முதல் தவறு. அதற்குள் பிள்ளை சொன்ன சொல் மறந்து, உங்கள் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும். வகுப்பு முடிந்த கையோடு இரண்டே வரி குறியுங்கள்: பிள்ளை சொன்னது, எழுதியது, அப்படியே. வாரக் கடைசியில் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருங்கள். தினமும் ஒரு பக்கம் என்று ஆரம்பித்தால் நிலைக்காது.

‘பின்னக் கூட்டல் புரியவில்லை’ என்ற குறிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘1/2 + 1/3 = 2/5 என்று நாலு பேர் போட்டார்கள். ஏன் என்றதற்கு, “மொத்தம் அஞ்சு துண்டு, ரெண்டுல கலர் இருக்கு மிஸ்” என்றான் ஒருவன்.’ இப்போது கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வட்டம் போட்டு, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக்கு வண்ணம் தீட்டியிருந்தால், பையன் படத்தைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். தவறு படத்தில்! அடுத்த வகுப்பில் ஒரே காகிதப் பட்டையை ஆறு சம பாகமாக மடியுங்கள். அரை என்பது மூன்று பாகம், மூன்றில் ஒன்று இரண்டு பாகம், சேர்த்தால் 5/6. ‘அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?’ என்றும் கேளுங்கள். 2/5 அரையைவிடச் சிறியது என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். பத்து நாள் தள்ளி ஒரு தேதியை நோட்டில் குறித்து, அன்று 1/2 + 1/4 கொடுங்கள். 2/6 வந்தால் மறுபடி யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.

நடந்ததை அலசிப் பார்க்க, கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிகள் பலருக்கும் தெரியும்: நடந்தது, மனதில் பட்டது, நல்லது கெட்டது, காரணம், முடிவு, அடுத்து செய்யப் போவது. பெரும்பாலோர் மூன்றாவதோடு எழுந்துவிடுகிறார்கள். நான்காவதில் குறைந்தது இரண்டு காரணமாவது எழுதுங்கள். அதில் ஒன்று உங்கள் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். ‘வீட்டில் படிப்பதில்லை’ என்பது மட்டும் காரணமானால், நாளைக்கு மாற்ற உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி: தலைமை ஆசிரியர் இந்த நோட்டில் வாராவாரம் கையெழுத்துப் போடுகிறார். சரியா?
– ஆசிரியர், தென்காசி

பதில்: வேண்டாம். மேலதிகாரி பார்ப்பார் என்றால் தவறுகளை எழுதக் கை வராது. நோட்டு உங்களிடமே இருக்கட்டும். என்ன மாற்றினீர்கள், என்ன விளைந்தது என்று மாதம் ஒரு பக்கம் அவரிடம் கொடுங்கள். முழு நோட்டையும் காட்ட, அதே வகுப்புக்குப் போகும் சக ஆசிரியர் ஒருவர் போதும்.

கேள்வி: என் தங்கை பிரிட்டனில் நர்ஸ். பதிவைப் புதுப்பிக்க இதுபோல எழுத வேண்டுமாமே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆமாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து குறிப்புகள் எழுதி, பதிவு பெற்ற சக நர்ஸ் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டு வார்டு, தேதி, அரிய நோய் மூன்றையும் விட்டுவைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.