மாதந்தோறும் மாறிப்போகும் மனம்: ஆயுர்வேதம் எதுவரை துணை வரும்?

கேள்வி: எனக்கு 33 வயது. மாதவிடாய்க்குப் பத்து நாள் முன்பிருந்தே நான் வேறொருத்தியாகிவிடுகிறேன். காரணமில்லாத எரிச்சல், அழுகை, பிள்ளையிடம் கத்துவது, கணவர் எதைச் சொன்னாலும் குத்திக்காட்டுவதாகத் தோன்றுவது என்று நாட்கள் போகின்றன. போன மாதம் இரண்டு முறை, நான் இல்லாமல் போனால்தான் என்ன என்றுகூட நினைத்துவிட்டேன். இரத்தப்போக்கு தொடங்கிய இரண்டாம் நாளே எல்லாம் விலகிவிடுகிறது. நடந்ததை நினைத்து வெட்கப்படுவதுதான் மிச்சம். மருத்துவர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதித் தந்தார். அது பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில் தொடங்கவில்லை. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அசுவகந்தாவும் ஓர் அரிஷ்டமும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆயுர்வேதத்தால் மட்டுமே இதைச் சரிசெய்ய முடியுமா? அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நான் இல்லாமல் போனால்தான் என்ன என்ற எண்ணம் இரண்டு முறை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனக் கோளாறில் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றப் பெண்களிடம் இருப்பதைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. ஆகவே அடுத்த சுழற்சி வரும்வரை காத்திராமல், இந்த வாரமே மருத்துவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த எண்ணம் மீண்டும் வரும் நாளில் தனியாக இருக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எப்படிச் செய்வது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. அப்போது மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே செல்ல வேண்டுமே தவிர, எந்த மூலிகையையும் முயன்று பார்க்கும் நேரம் அதுவல்ல.

நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள், மேலே சொன்ன, ஆங்கிலத்தில் பி.எம்.டி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோளாறோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. மாதவிடாய்க்கு முன் பல பெண்களுக்கு வரும் சிறு சிடுசிடுப்பைக் காட்டிலும் இது பல மடங்கு கடுமையானது. மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 3 முதல் 8 விழுக்காட்டினரைப் பாதிப்பதாகக் கணிக்கப்படுகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தனி நோயாக ஏற்றது; உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாட்டிலும் இதற்கு இடமுண்டு. இப்பெண்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவுகளைச் சோதித்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தின் மூலம் சூலகங்களின் செயல்பாட்டை நிறுத்தியபோது பல பெண்களின் அறிகுறிகள் தணிந்தன. பின்னர் ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்தபோது அவர்களுக்கு அறிகுறிகள் மீண்டன, அதே ஹார்மோன்களைப் பெற்ற மற்றப் பெண்களுக்கோ எதுவும் நேரவில்லை. இயல்பான ஏற்ற இறக்கத்தையே மூளை வேறுவிதமாக எதிர்கொள்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது. புரோஜெஸ்டிரோன் உடைந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளும், மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோட்டோனின் சார்ந்த செயல்பாடும் இதில் பங்கு வகிக்கின்றன. எனவே நீங்கள் வெட்கப்படும் அந்த நாட்கள் உங்கள் குணத்தின் சான்றல்ல.

ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய என்னால் இயலாது. மருத்துவராலும் ஒரே சந்திப்பில் இயலாது. இதற்கு நாட்குறிப்பு தேவை. குறைந்தது இரண்டு சுழற்சிகள், ஒவ்வொரு நாள் இரவும், எரிச்சல், துக்கம், பதற்றம், தூக்கம், பசி, வேலை செய்ய முடிந்த அளவு ஆகியவற்றுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் இட்டு, இரத்தப்போக்குள்ள நாட்களையும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை, ஏனெனில் மோசமான நாட்களே நினைவில் பெரிதாகத் தங்கும். இரத்தப்போக்கு முடிந்த வாரத்தில் மதிப்பெண்கள் ஏறக்குறைய அடித்தட்டுக்கு வந்துவிட்டால் பி.எம்.டி.டி. என்ற சந்தேகம் வலுப்படும். மாதம் முழுவதும் ஓரளவு இருந்து, கடைசி வாரத்தில் மட்டும் உயர்ந்தால், ஏற்கெனவே உள்ள மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருதுருவ மனநோயோ மாதவிடாய்க்கு முன் தீவிரமடைகிறது என்று கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான சிகிச்சை வேறு. தைராய்டு குறைபாட்டையும் இரத்தசோகையையும் ஒரு சோதனையில் விலக்கிவிடலாம். மாத்திரையைத் தொடங்குவதற்கு இந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. உங்களுக்கு வந்த எண்ணத்தைக் கேட்டபின் மருத்துவர் உடனே தொடங்கச் சொன்னால், குறிப்பு எழுதிக்கொண்டே தொடங்கலாம்.

இனி ஆயுர்வேதத்துக்கு வருவோம். இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆயுர்வேதம் கண்டுபிடித்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு, அது வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரப் பேச்சு. பழைய நூல்களில் இந்தக் கோளாறு இதே பெயரோடும் இதே எல்லைகளோடும் இல்லை. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையின் சிகிச்சை ஸ்தானம் என்ற பகுதியில் 30-ஆம் அத்தியாயம் பெண்ணுறுப்பு நோய்கள் இருபதை விவரித்து, வாதம் கெடாமல் அவை தோன்றுவதில்லை என்கிறது. இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் இந்த அடிப்படையைக் கொண்டு, கீழ்நோக்கிச் செல்லும் அபான வாதத்தின் தடுமாற்றமும், மனத்தில் ரஜோ குணமும் (கிளர்ச்சி) தமோ குணமும் (மந்தம்) மிகுவதும் சேர்ந்ததாக மாதவிடாய்க்கு முந்தைய மனக்கலக்கத்தை விளக்குகிறார்கள். அவர்கள் சிகிச்சையை ஒழுங்குபடுத்திக்கொள்ள இது உதவும் ஒரு சட்டகம். மூளையில் நடப்பதற்கான நிரூபணமாக இதைக் கொள்ளக் கூடாது.

இந்தச் சட்டகத்தில் எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் பகுதி மருந்துப் புட்டிகளில் இல்லை. சரகர் சிகிச்சையை மூன்றாகப் பிரித்து, அவற்றில் ஒன்றாக சத்வாவஜயத்தை வைக்கிறார். கேடு தரும் எண்ணங்களிலிருந்து மனத்தை மீட்டு நிறுத்துவது அது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றுவிக்கும் பேச்சுச் சிகிச்சையான இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை இதன் மறுவடிவம் என்று சொல்வது மிகை, ஆனாலும் மனத்தைப் பயிற்றுவிப்பதையும் சிகிச்சையின் தனிப்பிரிவாகவே மதித்த ஒரு மரபு அது. அதோடு தினசரியை, அதாவது அன்றாட ஒழுங்கை, மருந்துக்கு இணையாக அது கருதுகிறது: ஒரே நேரத்தில் உறங்கி எழுவது, உணவு நேரம் தவறாமை, வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உடலில் தேய்த்துக் குளிப்பது, மாதவிடாயை நெருங்கும் நாட்களில் கண்விழிப்பையும் பட்டினியையும் தவிர்ப்பது. நோயை இவை தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எனினும் தூக்கம் கெட்டால் எரிச்சல் கூடும் என்பது எவருக்கும் பொருந்தும், அந்தப் பத்து நாட்களில் உங்களுக்கு இருமடங்கு பொருந்தும். மூச்சுப் பயிற்சியும் யோகாசனமும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அறிகுறி வந்தபின் தொடங்குவதைவிட மாதம் முழுவதும் செய்வது நல்லது, ஏனெனில் கோபம் தலைக்கேறிய பொழுதில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். மலம், சிறுநீர், தும்மல் போன்ற உடல் வேகங்களை அடக்கக் கூடாது, பேராசை, துக்கம், பயம், கோபம் போன்ற மன வேகங்களை அடக்க வேண்டும் என்றும் சரகர் சொல்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு சில ஆலோசகர்கள், நீ கோபத்தை அடக்கப் பழகு என்று இத்தகைய பெண்களுக்கு உபதேசிப்பதைப் பார்த்திருக்கிறேன். நோயின் வேகத்தை ஒழுக்கத்தின் குறையாக மாற்றும் இப்படிப்பட்ட அறிவுரையை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

மூலிகைகளுக்கு இவ்வளவு பரிவு காட்ட என்னால் முடியவில்லை. அசுவகந்தா, தண்ணீர்விட்டான் கிழங்கான சதாவரி, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில் ஆகியவற்றை வைத்தியர்கள் இந்தக் கோளாறுக்குப் பரிந்துரைப்பதுண்டு. அசுவகந்தா மன அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன; நீர்ப்பிரமி நினைவாற்றலுக்காக ஆராயப்பட்டு, பல வாரங்கள் உட்கொண்டபின் சிறு பலன் காணப்பட்டது. ஆனால் பி.எம்.டி.டி.க்குப் பயன் தரும் என்று பெரிய, கட்டுப்பாடான சோதனைகளால் நிலைநாட்டப்பட்ட ஆயுர்வேத மூலிகை எதுவும் இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளுக்குப் பலன் தந்ததாக 2001-இல் ஒரு சோதனை வெளியானது உண்மைதான். அதில் ஆராயப்பட்டது ஐரோப்பிய மரபில் வழங்கும் ஒரு செடியின் பழத்திலிருந்து பிரித்தெடுத்த சாரம். அது நம் நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்தது என்பதால் அந்தப் பலனை நொச்சிக்குச் சூட்டி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

மூலிகைதானே, கெடுதல் இராது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். அசுவகந்தாவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்திருக்கிறது. தைராய்டு ஹார்மோன் அளவை அது உயர்த்தக்கூடும், தூக்க மாத்திரைகளின் மயக்கத்தைக் கூட்டும். டென்மார்க் 2023-இல் அதைத் தடைசெய்தது. அரிஷ்டங்கள் நொதித்துத் தயாராவதால் அவற்றில் தானாக உருவாகும் ஆல்கஹால் உண்டு. பாம்புக்களா எனப்படும் சர்ப்பகந்தி இதைவிட முக்கியமானது: தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான சில தயாரிப்புகளில் அது சேர்க்கப்படுகிறது, அதிலுள்ள ரிசர்பைன் என்ற வேதிப்பொருள் மனச்சோர்வைத் தூண்டவல்லது, ஆகவே உங்கள் நிலையில் அதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். அதேபோல் பாதரசம், ஈயம் போன்றவை சேர்ந்த ரச மருந்துகள் வேண்டவே வேண்டாம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் காணப்பட்டது. ஈயம் நாட்பட உடலில் சேர்ந்தால் எரிச்சலும் சோர்வும் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்தத் தொல்லைக்காக மருந்து தேடுகிறீர்களோ அதுவே மருந்தால் வளரும்.

அடுத்து உங்கள் பயம். மருத்துவர் எழுதித் தந்தது, செரோட்டோனின் வழியாகச் செயல்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையாக இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற பெயர் இருந்தால் அதுதான். இந்தக் கோளாறில் இவற்றின் செயல்பாடு வேறு வகையானது. வழக்கமான மனச்சோர்வில் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், இங்கோ பலருக்குச் சில நாட்களிலேயே தெரிகிறது. அதனால் கருமுட்டை வெளிப்படும் நாள் முதல் மாதவிடாய் தொடங்கும்வரை மட்டும் உட்கொள்ளும் முறையும் உண்டு. போதைப்பொருள்போல் ஏங்க வைக்கும் தன்மை இவற்றுக்கு இல்லை; தொடர்ந்து உட்கொண்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் போன்றவை வரலாம், ஆகவே நிறுத்தும் முறையை மருத்துவரே சொல்ல வேண்டும். குமட்டலும் பாலுணர்வுக் குறைவும் இவற்றின் பக்கவிளைவுகள். குடும்பத்தில் இருதுருவ மனநோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். டிராஸ்பைரினோன் என்ற ஹார்மோன் கொண்ட கருத்தடை மாத்திரைகளும் இதற்குப் பயன்படுகின்றன, ஆனால் குழந்தைக்குத் திட்டமிடும் உங்களுக்கு அது இப்போது பொருந்தாது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பலன் தரும். சத்வாவஜயத்தில் ஈடுபாடுள்ளவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

ஆயுர்வேதத்தால் மட்டுமே என்ற உங்கள் கேள்விக்கு, உங்கள் தீவிரத்தில் அதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன் என்பதுதான் பதில். மருத்துவரின் சிகிச்சையோடு அன்றாட ஒழுங்கையும் எண்ணெய்க் குளியலையும் மூச்சுப் பயிற்சியையும் உடனே சேர்த்துக்கொள்ளலாம். உள்ளுக்கு ஏதேனும் மருந்து வேண்டுமானால், முறையாகப் படித்துப் பதிவுபெற்ற ஆயுர்வேத மருத்துவரை நேரில் கண்டு, இரண்டு மருத்துவர்களிடமும் ஒருவர் தருவதை மற்றவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துகளில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்ய வேண்டாம். எது பலன் தந்தது என்பது தெரியாமல் போகும். மூன்று சுழற்சிகளின் மதிப்பெண்களில் குறைவு தெரியாத மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை, அதை யார் சொன்னாலும் சரி. குறிப்பேட்டைக் கணவருக்கும் காட்டுங்கள். உயர்ந்து தாழும் எண்களைப் பார்த்தால், நீங்கள் சொல்லி அவருக்குப் புரியாதது புரியலாம். குடும்பத்தின் பெரிய முடிவுகளையும் பணப் பேச்சுகளையும் அந்த வாரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளவும் அது உதவும்.

குழந்தைக்கு எண்ணமிருப்பதால் வாங்கி வைத்த அசுவகந்தாவைத் தொடங்க வேண்டாம். கருவுற்ற காலத்தில் அது தவிர்க்கப்பட வேண்டியது, கருவுற்றது தெரியவருவதற்கு முன்பே சில வாரங்கள் கடந்துவிடும். அரிஷ்டத்தையும் ஒதுக்கி வையுங்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையை எப்போது தொடர்வது, எப்போது மாற்றுவது என்பதைத் திட்டமிடும்போதே மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கருவுற்றது தெரிந்த பதற்றத்தில் தாமாக நிறுத்திவிடுவது தவறு. கருவுற்ற மாதங்களில் சுழற்சியே இல்லாததால் இந்த அறிகுறிகளும் வராமல் இருக்கும். ஆனால் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே குறிப்பேட்டின் பிரதி ஒன்றை மகப்பேறு மருத்துவரிடமும் கொடுத்து, பிரசவத்துக்குப் பின் முதல் வாரங்களில் உங்கள் மனநிலையை யார் கவனித்துக்கொள்வது என்பதைக் கருவுறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.