சிப் போட்ட கன்சோலை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு வயது 54. வெளியே நடைப்பயிற்சிக்குச் செல்லக் கூச்சப்படுகிறார். நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கன்சோலில் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ என்ற உடற்பயிற்சி விளையாட்டு நன்றாக இருக்கும் என்று தோழி சொன்னாள். எந்த மாடலை வாங்குவது? (ஒரு வாசகி, கோவை)

பதில்: 2019 அக்டோபரில் வெளிவந்த இந்த விளையாட்டுடன், இரு கைகளாலும் அழுத்தவும் விரிக்கவும் ஏற்ற ஒரு வளையமும் இடது தொடையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையும் தருவார்கள். ஸ்விட்ச்சின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ஜாய்-கான் எனப்படும் சிறு கன்ட்ரோலர்கள் இரண்டில் வலப்பக்கத்தது வளையத்திலும் இடப்பக்கத்தது தொடைப் பட்டையிலும் செருகப்பட வேண்டும். மாடலைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். விலை குறைவு என்று ஸ்விட்ச் லைட் வாங்கிவிட்டால், அதன் கன்ட்ரோலர்களைக் கழற்ற முடியாது. அதைத் தொலைக்காட்சியுடன் இணைக்கவும் முடியாது. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த ஸ்விட்ச் 2-இல் இந்த விளையாட்டு ஓடும் என்றாலும், அதனுடன் வரும் புதிய ஜாய்-கான்கள் பழைய வளையத்தில் பொருந்தாதவை என்பதால், முந்தைய ஜாய்-கான் ஜோடி ஒன்றைத் தனியாக வாங்கியாக வேண்டும். உடற்பயிற்சி மட்டுமே நோக்கம் என்றால் சாதாரண ஸ்விட்ச்சோ, மேம்பட்ட திரையுள்ள அதன் ஓஎல்இடி மாடலோ போதும்.

அடுக்குமாடி வீட்டில் ஓடும் பயிற்சியால் கீழ்வீட்டாருக்குத் தொல்லை வருமே என்று நீங்கள் யோசித்தால், ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மடக்கி எழும் அசைவை வைத்துக்கொள்ளும் அமைதி முறை அதில் உண்டு. ஆனால் மூட்டு வலி இருப்பவருக்கு அந்த மாற்றமே சுமையாகிவிடும் என்பதால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. விளக்கங்கள் தமிழில் இல்லை. திரையில் தோன்றும் உருவம் அசைவைச் செய்து காட்டினாலும், முதல் சில நாட்கள் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

வாங்குமிடம் பற்றியும் சொல்ல வேண்டும். நிண்டெண்டோ நிறுவனம் இந்தியாவில் ஸ்விட்ச்சை நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதியானவை. ஆகவே ‘வாரண்டி’ என்று கடைக்காரர் சொல்வது அவருடைய கடையின் வாக்குறுதி மட்டுமே. அது எத்தனை மாதத்துக்கு, எவற்றுக்கு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்விட்ச் 2 வாங்குபவர்களுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. ஜப்பானில் 2025-இல் 49,980 யென்னுக்கு வெளிவந்த மலிவுப் பதிப்பு ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பான் கணக்கையே ஏற்கும். பெட்டியைப் பார்க்காமல் பணம் கொடுத்தால் பின்னால் மாற்ற வழியில்லை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினர் நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ ஒன்றையும், ஏறி நின்று உடற்பயிற்சி செய்யும் வீ ஃபிட் பலகையையும் தந்திருக்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அதன் அடாப்டரை நம் வீட்டு மின்செருகியில் நேரடியாகச் செருகக் கூடாது. அமெரிக்க வீ அடாப்டர் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் அது கருகிவிடும். தக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். வீ மண்டலக் கட்டுப்பாடு உடையது என்பதால் ஐரோப்பிய வட்டுகள் அதில் ஓடமாட்டா. அதன் இணையக் கடையும் 2019 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. கையில் இருக்கும் வட்டுகளோடு திருப்தி அடைய வேண்டியதுதான். பலகையில் வெறுங்காலோடு ஏறுங்கள். கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றையும் மறவாமல் மாட்டிக்கொள்ளுங்கள். 2006-இல் கயிறு அறுந்து கன்ட்ரோலர்கள் தொலைக்காட்சித் திரையில் போய் மோதியதால், சுமார் 32 லட்சம் கயிறுகளை நிண்டெண்டோ இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

கேள்வி: ஸ்விட்ச் ஓஎல்இடி வாங்கப் போன இடத்தில், கூடுதலாகச் சில ஆயிரம் கொடுத்தால் ‘சிப்’ போட்டுத் தருவதாகவும், அதன்பின் எல்லா கேம்களும் இலவசம் என்றும் சொல்கிறார்கள். ஒரு கேம் கார்ட்ரிட்ஜ் நாலாயிரம் ஐந்தாயிரம் விற்கும்போது இது லாபம்தானே?

பதில்: கேம்களின் விலை அதிகம் என்ற உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சில ஆயிரத்தோடு நீங்கள் எவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

முதலில் அந்த வேலையின் தன்மையைப் பாருங்கள். சுமார் 2018 நடுப்பகுதி வரை தயாரான தொடக்க கால ஸ்விட்ச்களின் செயலியில், மென்பொருள் அப்டேட்டால் சரிசெய்ய முடியாத ஒரு வன்பொருள் குறை இருந்தது. அவற்றைத் திறக்காமலேயே மாற்ற முடிந்தது. ஓஎல்இடி மாடலில் அந்தக் குறை இல்லை. எனவே கன்சோலைப் பிரித்து, மிக நுண்ணிய புள்ளிகளில் சால்டரிங் செய்து, இயங்கத் தொடங்கும் கணத்தில் செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தை ஒரு நொடிப்பொழுது குலைக்கும் சிப்பைப் பொருத்துகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தில் பாதுகாப்புச் சோதனை தவறிப்போக, நகல் கேம்களும் ஓடும். சூடு சற்று மிகுந்தாலும் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். நினைவகத்தின் இணைப்பு கெட்டால் கன்சோல் இயங்காமலே போகலாம். அப்போது, பிரித்து வேலை பார்த்த கன்சோலுக்கு எந்த வாரண்டியும் செல்லாது. சிப் போட்டவரே பழுது பார்ப்பார் என்பீர்கள். அவர் கை தவறியதை அவரே ஒப்புக்கொள்வாரா?

அடுத்தது தடை. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் தனி அடையாளச் சான்று உண்டு. மாற்றம் கண்டறியப்பட்டால் அந்தக் கன்சோலையே இணையச் சேவைகளிலிருந்து நிண்டெண்டோ விலக்கிவிடும். புதுக் கணக்கு தொடங்கினாலும், எல்லாவற்றையும் அழித்து மீட்டமைத்தாலும் அது நீங்காது. 2025 மே மாதம் திருத்தப்பட்ட அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்திலோ, விதியை மீறினால் கருவியையே முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம் என்று எழுதிவிட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பு ஏற்பாட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவின்படி இந்தியாவில் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். வெளிநாட்டு வழக்குகள் பெரும்பாலும் விற்பவர்களையே குறிவைத்தன; இத்தகைய கருவிகளை விற்ற குழுவைச் சேர்ந்த கேரி பவுசருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2022-இல் 40 மாதச் சிறை விதித்தது. அதற்காக வாங்குபவர் தவறு செய்யவில்லை என்று ஆகிவிடாது.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் பழைய கார்ட்ரிட்ஜ்களை வாங்குங்கள். விளையாடி முடித்ததும் விற்கலாம், பெரும் பகுதி பணம் திரும்பி வரும். சிப் போட்ட கன்சோலை நேர்மையாகச் சொல்லி விற்றால் பாதி விலைகூடத் தேறாது.

கேள்வி: பழைய ஸ்விட்ச் வாங்கும்போது அது தடை செய்யப்பட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: விற்பவர் முன்னிலையிலேயே கைபேசி இணையத்துடன் அதை இணைத்து, நிண்டெண்டோவின் இணையக் கடையைத் திறந்து பாருங்கள். தடை இருந்தால் கடை திறக்காமல் பிழைச் செய்தி வரும். ‘இங்கே சிக்னல் சரியில்லை, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பின்மூடித் திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முன்பு வைத்திருந்தவர் அதை நகலெடுத்திருந்தால் ஐயம் உங்கள் கன்சோல் மீது விழலாம். அப்போது ரசீதுதான் கைகொடுக்கும். கடையில் வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.