முதல் முழு டிரையத்லான்: 180 கிலோமீட்டர் சைக்கிளுக்கு எப்படித் தயாராவது?

வாசகர் கேள்வி: முழுத் தூர டிரையத்லானுக்கு (3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம்) முதல் தடவையாகப் பதிவு செய்திருக்கிறேன். 24 வாரம் இருக்கிறது. நீச்சலும் ஓட்டமும் ஓரளவு பழக்கம். சைக்கிள்தான் பயம், வார இறுதியில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுவேன், அதற்கு மேல் போனதில்லை. இறங்கி ஓட ஆரம்பித்தால் தொடை கல்லாகிவிடுகிறது. போட்டிக்கு முன் எத்தனை தடவை 180 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும்? என்னிடம் இருப்பது சாதாரண ரோடு சைக்கிள். டிடி (டைம் டிரையல்) சைக்கிள், அதாவது காற்றுத் தடை குறையக் குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிள், வாங்கியே ஆக வேண்டுமா?

ஒரு தடவைகூட 180 ஓட்டிப் பார்க்காமல் நீங்கள் போட்டிக்குப் போகலாம், உங்களை மாதிரி வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர்களுக்கு அதுதான் நல்லது என்றே சொல்வேன். முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓட்டினால் அந்த அலுப்பு தீரவே பல நாள் ஆகும், அந்த வாரத்து நீச்சலும் ஓட்டமும் கெட்டுப்போகும். உங்களுக்கு வேண்டியது ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஒரே சீராக மிதித்து, நடுவே ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடித்து, இறங்கியதும் அரை மணி நேரம் நிதானமாக ஓடக்கூடிய உடம்பு. கடைசி இரண்டரை மாதத்தில் அப்படி நாலைந்து சவாரி அமைந்தால் போதும். தூரத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். மேடும் எதிர்க்காற்றும் இருக்கிற நாளில் கிலோமீட்டர் கணக்கு ஆளை ஏமாற்றிவிடும்.

இப்போது அந்தத் தொடை விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது அதுதான். 60 கிலோமீட்டரிலேயே கால் செத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள், அதுவும் கனமான கியரில். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 180 கிலோமீட்டரை மணிக்கு 28 கிலோமீட்டரில் போனால் சுமார் 6 மணி 26 நிமிடம், 30-இல் போனால் சரியாக 6 மணி நேரம். லாபம் 26 நிமிடம். ஆனால் காற்றின் தடையை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், சமதரையில் அந்த 2 கிலோமீட்டருக்காக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடன் ஓட்டத்தில் வந்து நிற்கும். கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம் மந்தமானால் 42 கிலோமீட்டரில் 63 நிமிடம் போச்சு. மாரத்தானின் இரண்டாம் பாதியை நடந்தே முடிக்கிறவர்களில் நிறையப் பேருக்குக் கோளாறு தொடங்கியது சைக்கிளில்தான்.

அதனால் உங்கள் நீண்ட சவாரி முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவில் இருக்கட்டும். மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால் நல்லது, 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி வரும் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை உங்கள் எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச சக்தி) என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டியில் அதில் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நில்லுங்கள். இல்லையென்றால் இதயத்துடிப்புப் பட்டையும் உங்கள் மூச்சும் போதும். கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்குப் பெடல் சுற்றும் எண்ணிக்கை, 80-லிருந்து 90-க்குள் இருந்தால் தொடைக்குப் பாரம் குறையும். மேடு வந்ததும் பெடலில் எழுந்து நின்று அமுக்கத் தோன்றும், பக்கத்தில் நாலு பேர் தாண்டிப்போவார்கள். அங்கேதான் சின்ன கியருக்கு மாறி, உட்கார்ந்தபடியே, அதே மூச்சில் ஏற வேண்டும். இதைப் பயிற்சியிலேயே பழகாமல் போட்டி நாளில் செய்ய முடியாது.

வாரத்துக்கு மூன்று சவாரி போதும். ஒன்று நீண்டது: இரண்டரை மணியில் ஆரம்பித்து வாரம் 15, 20 நிமிடம் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். இன்னொன்று கொஞ்சம் கஷ்டமானது, எஃப்டிபியில் 85, 90 சதவீதத்தில் 20 நிமிடமாக இரண்டு தடவை, நடுவில் 5 நிமிடம் லேசாக; வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் சாதனம்) செய்தால் சிக்னல், டிராஃபிக் தொல்லை இல்லை. மூன்றாவது ஒரு மணி நேர லேசான சவாரி, இறங்கியதும் 20 நிமிட ஓட்டம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுகிற இந்த பிரிக் பயிற்சியை நீட்டிக்கொண்டே போக வேண்டிய அவசியமில்லை. மிதிப்பதிலிருந்து ஓட்டத்துக்குக் கால் மாறுகிற அந்த முதல் 10 நிமிடத்தை உடம்பு அடிக்கடி சந்தித்தால் சரி.

அப்புறம் சாப்பாடு. இதைப் பயிற்சியின் பாகமாக நினைக்காதவர்கள்தான் அதிகம், எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம் இது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், ஏறக்குறைய 2000 கலோரி அளவுதான், அது நாள் முழுக்கப் போதாது. ஓடும்போது வயிறு குலுங்கும், அதிகம் உள்ளே போகாது, ஆகவே சைக்கிள்தான் உங்கள் சாப்பாட்டு மேஜை. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்குங்கள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வேறு வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்த பானமோ ஜெல்லோ எடுத்தால் மெல்ல மெல்ல 80, 90 கிராம் வரைகூடப் பழக்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் ஒலிக்கும்படி வைத்து, பசிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு ஒலிக்கும் 15 கிராம். குடலும் தசை மாதிரி பழகும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

தண்ணீருக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு மணி நேர சவாரிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். வியர்த்ததற்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகிவிடும், பானத்தில் உப்பு இருக்கட்டும்.

சைக்கிள் விஷயத்தில், முதல் போட்டிக்கு டிடி சைக்கிள் வாங்காதீர்கள். சமதரையில் காற்றுத் தடையின் பெரும்பங்கு உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது, சைக்கிளிலிருந்து இல்லை. இருக்கிற ரோடு சைக்கிளுக்கு ஒரு நல்ல பைக் ஃபிட் (உங்கள் உடம்புக்கேற்ப சீட், ஹேண்டில்பாரைச் சரிசெய்வது) செய்து, முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட உதவும், மாட்டிக் கழற்றக்கூடிய ஏரோ பார் போட்டுக்கொண்டால் லாபத்தில் பெரும்பகுதி கையில் வந்துவிடும். போட்டிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே மாட்டுங்கள், கழுத்தும் கீழ் முதுகும் பழக அவ்வளவு நாள் ஆகும். சீட் உயரத்துக்கு ஒரு ஆரம்ப அளவு: குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். சீட் தாழ்வாக இருந்தாலும் தொடை கல்லாகும், அதையும் இந்த வாரமே பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் சீட்டை மாற்றுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பஞ்சர் போடத் தெரியுமா? போட்டியில் நீங்களேதான் மாற்ற வேண்டியிருக்கும். வீட்டில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குத்திய முள்ளோ கம்பியோ அங்கேயே நின்றிருந்தால் இரண்டு கிலோமீட்டரில் திரும்பவும் காற்று போகும்.

கடைசி நீண்ட சவாரி போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். அப்புறம் நேரத்தைப் பாதிக்குப் பாதி குறைக்கலாம், ஆனால் வாரத்தில் ஒரு தடவை போட்டி வேகத்தில் 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். டயர் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றி ஒரு சவாரி போய் வந்துவிடுங்கள். உங்கள் போட்டியின் நேர வரம்பையும் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 16 அல்லது 17 மணி நேரம் தருகிறவை அதிகம், சைக்கிளுக்கென்று தனி வரம்பும் இருக்கும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போனாலே 7 மணி 12 நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள், அவசரப்படுவதற்கான காரணம் எதுவும் உங்களுக்கு இல்லை.