ஜூரியில் உட்காரும்போது சட்டமா, மனசாட்சியா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் முதல்முறையாக ஜூரி டூட்டிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, சம்மன் வந்திருக்கிறது. சட்டமே அநியாயம் என்று எனக்குப் பட்டால், குற்றம் நிரூபணமாகியும் ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லலாமா? சொன்னால் தண்டனை உண்டா?

பதில்: நீங்கள் சொல்லும் தீர்ப்புக்காக உங்களைத் தண்டிக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு ஜூரிகள் பட்டினி கிடந்து வாங்கித் தந்தது. 1670இல் லண்டனில், தெருவில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்ததாக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரு குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) மேல் வழக்கு. ஜூரி தண்டிக்க மறுத்தது. சோறு, தண்ணீர், கணப்பு எதுவும் இல்லாமல் பூட்டி வைத்தார்கள். அப்போதும் மசியவில்லை. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன எட்வர்ட் புஷெல் என்ற ஜூரரின் மனுவில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வான் முடிவுகட்டினார்.

ஆனால் தண்டிக்க முடியாது என்பதால் அது உரிமை ஆகிவிடாது. நீதிபதி சொல்லும் சட்டத்தையே ஜூரி ஏற்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895இலேயே சொல்லிவிட்டது. வேண்டுமென்றே சட்டத்தை ஒதுக்குகிறார் என்பது தெளிவானால், கலந்தாய்வின் நடுவிலேயே ஒரு ஜூரரை நீக்கலாம் என்று 1997இல் ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

உண்மையான ஆபத்து ஜூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இருக்கிறது. “உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் நான் சொல்லும் சட்டப்படி நடப்பீர்களா?” என்று நீதிபதி கேட்கலாம். சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பதில் அது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு ‘ஆமாம்’ என்றால் அது பொய். அதற்கு வழக்கே வரலாம். தயக்கம் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

என் கருத்து இது: மனசாட்சி விடுவிக்க மட்டுமே சட்டத்தைத் தாண்டலாம், தண்டிக்க ஒருபோதும் கூடாது. விடுவிப்பதிலும் கவனம் தேவை. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அவர்களுக்கு உதவியவர்களைத் தண்டிக்க அமெரிக்க வட மாநில ஜூரிகள் சில மறுத்தன. ஆனால் 1955இல் மிசிசிப்பியில் பதினான்கு வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்ற வழக்கில், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரை விடுவித்தது. சில மாதங்களில் அந்த இருவரும் கொன்றது தாங்கள்தான் என்று ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்கள். அதனால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: என்னை உறுத்துவது இந்தச் சட்டமா, கூண்டில் நிற்பவர் யார் என்பதா?

இன்னொன்று. சட்டம் உறுத்துகிறது என்று நாம் நினைப்பது பல நேரம் சாட்சியத்தின் மேல் எழும் சந்தேகம்தான். ஒரு சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசியிருப்பார், அது மனதில் தைத்திருக்கும். நியாயமான சந்தேகம் இருந்தால் விடுவிக்கச் சொல்வதே சட்டம். அங்கே மோதலே இல்லை. எனவே நீதிபதி தரும் வழிகாட்டுதலை வரிவரியாகப் படியுங்கள். புரியாததைச் சீட்டில் எழுதி அவரிடமே கேளுங்கள். அதன் பிறகும் நீங்கள் ஒருவர் மட்டும் மறுத்தால் வழக்கு முடிவின்றி நிற்கும், ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட மாட்டார். அரசுத் தரப்பு புதிய ஜூரியோடு வழக்கை மறுபடி நடத்தலாம்.